ரெண்டு அத்தான்மாருக்கும் ஆளுக்கொரு நம்பர்

— ஏட்டி சத்தியபாய், ஜெயசிங்கு வண்டி ஏறிப் போயிட்டான். கேட்டியா?

— கேட்டுது அத்தான். மெல்லப் பேசுங்கோ, அம்மை அடுக்களையில நிக்கா.

— நிக்கட்டும். இனி என்ன பயம்? வாற ஞாயித்துக்கிழம கோயில்ல ஓலை வாசிக்கணும்ணு மாமாவே சொல்லியாச்சு. யேசுரத்தினத்துக்கும் சத்தியபாய்க்கும் கல்யாணம்ணு...

— அடேயப்பா... டிரில் வாத்தியாருக்க நெஞ்சு இப்பமே வீங்கிப் போச்சு.

— வீங்காதா பின்ன? நானும் அவனும் மாமாவுக்க அக்கா தங்கச்சி பிள்ளைகள். ரெண்டு பேருக்கும் உன்மேல ஒரே முறை. ஒருத்தனுக்குக் குடுத்தா மத்த அத்தை இந்தப் படி ஏற மாட்டா. மாமா உறக்கமில்லாம கிடந்தாரு. நீதானே சொன்னே, ஆளுக்கொரு நம்பர் தாறேன், ஒண்ணுங்குற நம்பர விட்டு வேற எந்த ரெண்டப் பெருக்குனா அது வரும்ணு கண்டுபிடிக்கவருக்குக் கழுத்த நீட்டுகேன்னு...

— நான்தான் சொன்னேன்.

— குலசேகரத்துல எஸ்டேட்டு கணக்கு பூரா அவன் கையில. காலேஜுல கணக்குல முதலா வந்தவன். அவன நான் தோக்கடிச்சேன் பாத்தியா.

— எப்பிடிக் கண்டுபிடிச்சிய? அதச் சொல்லுங்கோ.

— எனக்குக் குடுத்தது பத்து லட்சத்து ஒண்ணு. ரெண்டுல வகுத்தேன், போகல. மூணுல போகல. நாலுல...

— ரெண்டுல போகாதது நாலுல எப்பிடி அத்தான் போகும்?

— அது எனக்குத் தெரியுமா? ஒண்ணையும் விடல. தொண்ணூறு தாண்டினப்பம் சிலேட்டத் தூக்கி எறிஞ்சிரலாம்ணு வந்துது. உன் முகம் ஞாபகம் வந்துது... திரும்பவும் குத்தவச்சு இருந்தேன். நூத்தி ஒண்ணுல மிச்சமில்லாமப் போச்சு.

— ஈவு ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணு.

— உனக்கு முன்னயே தெரியுமா?

— கணக்கு வச்சவளுக்கு விடை தெரியாண்டாமா?

— அதுவும் சரிதான். மாமா பெருக்கிப் பாத்தாரு, அச்சொட்டா வந்துது. ரெண்டு பேருக்கும் ஏழு இலக்கத்துலதான் குடுத்திருக்கா, என் மக நியாயக்காரின்னு ஒரே பெருமை.

— ஜெயசிங்கு அத்தான் என்ன சொன்னாரு?

— நானூறு வரைக்கும் வகுத்தேன் மாமா, இது எதுலயும் போகாத நம்பராக்கும்ணு சொன்னான். தோத்தவன் சொல்லுக சாக்குன்னு மாமா சிரிச்சுட்டாரு.

— பாவம்.

— பாவமா? ஏட்டி... ஒண்ணு கேக்கட்டா? நெசத்தச் சொல்லணும்.

— கேளுங்கோ.

— நான் தொண்ணூறுலயே விட்டுருந்தா... அவன் ஜெயிச்சிருந்தா... அவனுக்குக் கழுத்த நீட்டியிருப்பியா? நேத்துல இருந்து அதுதான் நெஞ்சப் போட்டு அறுக்கு.

— அவரு ஜெயிச்சிருக்க மாட்டாரு.

— அதெப்பிடி? அவனுக்குள்ள மூளைக்கு...

— மூளை இருந்து என்ன செய்ய? அவருக்குக் குடுத்தது பத்து லட்சத்து மூணு. அவரு சொன்னது நெசம், அது எதுலயும் போகாது. ஆயிரத்த ஆயிரத்தால பெருக்கினாலே பத்து லட்சம் வந்துரும், அதுனால ஆயிரம் வரைக்கும் வகுத்துப் பாத்தாப் போரும். மழைக்காலம் முழுக்க இருந்து ஒவ்வொண்ணாப் பாத்தேன். ஒண்ணுலயும் போகலேண்ணு உறுதியானப்பொறவுதான் அப்பாகிட்ட போயி, ரெண்டு அத்தான்மாருக்கும் ஒரு கணக்கு வைப்போம்ணு சொன்னேன்.