திருச்சியிலருந்து அம்பதே நிமிஷம்

கண்ணாயிரம்: அம்பதே நிமிஷம்டா அறிவுமதி! பிரவுசிங் சென்டர் பொண்ணு ரேகா எப்பவோ பாத்து பிரிண்ட்டே போட்டுக் குடுத்துச்சி. திருச்சி டு மெட்ராஸ், வானத்துல முந்நூறு கிலோமீட்டர்தான்.

அறிவுமதி: மாமா, நாம நிக்கிறது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு!

கண்ணாயிரம்: அதான் திருச்சி பஸ்ஸு நிக்குதே...

அறிவுமதி: அது நாலு மணி நேரம். ஏர்போர்ட்டுல ஒன்றரை மணி நேரம் காத்துக் கெடக்கணும். அப்பறம் உங்க அம்பது நிமிஷம். மீனம்பாக்கத்துல எறங்கி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். மொத்தம் ஏழரை! அந்த ஏழரைதான் இப்ப எங்கிட்ட பேசிட்டு இருக்கு.

கண்ணாயிரம்: என்னா சொன்ன?

அறிவுமதி: ஒண்ணுமில்ல. மணி ஏழு. அம்மாவுக்கு ஒரு மணிக்கு ஆபரேஷன். இந்த மெட்ராஸ் பஸ்ஸுன்னா பன்னண்டரைக்குப் போயிடலாம்.

கண்ணாயிரம்: ஆபரேஷனுக்கு முன்னாடி அக்காவப் பாத்துடணும்டா...

அறிவுமதி: அப்ப ஏறுங்க!

கண்ணாயிரம்: அது கடலூர் வழியா போவும்.

அறிவுமதி: ஆரம்பிச்சிட்டீங்களா!

கண்ணாயிரம்: கடலூர்ல உங்க வீட்டுல நடந்த உன் காதுகுத்துக்குத் தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், உங்கப்பா அவரு அண்ணன் மடியில உன்னை உக்கார வச்சாரு. அன்னிக்குச் சொன்னேன், கடலூர் மண்ணை மிதிக்க மாட்டேன்னு. இருவது வருஷம் ஆவுது.

அறிவுமதி: இப்ப நிக்கிறதே கடலூர் மாவட்டந்தான் மாமா!

கண்ணாயிரம்: நான் சொன்ன அன்னிக்கு இது தென்னார்க்காடு.

அறிவுமதி: ஐயோ... நீங்க பஸ்ஸ விட்டு எறங்கவே வேணாம்.

கண்ணாயிரம்: டயரு மிதிக்குதுல்ல? டயரு மேல நான்தானே உக்காந்திருக்கேன்!

அறிவுமதி: ஆமா, நான் வந்து சேதி சொல்லி அரை மணி நேரம் ஆவல. இம்மாம் பெரிய பைய எப்ப கட்டுனீங்க?

கண்ணாயிரம்: அது... எப்பவும் கட்டித்தான் இருக்கும். கைய விடு, திருச்சி பஸ்ஸ எடுக்குறான்.

அறிவுமதி: மாமா... ஏறாதீங்க... அம்மா மெட்ராஸ்ல இல்ல.

கண்ணாயிரம்: டேய்... அக்காவுக்கு...

அறிவுமதி: நல்லாத்தான் இருக்காங்க! ஆபரேஷன் நெசந்தான், ஆனா கடலூர் ஆஸ்பத்திரியில. "கடலூர்னா வரமாட்டான், மெட்ராஸ்னு சொல்லி பஸ்ஸுல ஏத்து, கடலூருக்குள்ள திருப்பாப்புலியூர் வந்ததும் எறக்கிடு"ன்னு அம்மாதான்... நீங்க பிளேன் கேட்டு நிப்பீங்கன்னு யாரு கண்டா?

கண்ணாயிரம்: தள்ளு, பைய கீழ வைக்கணும்.

அறிவுமதி: திட்டுங்க மாமா.

கண்ணாயிரம்: அந்த ஆஸ்பத்திரியில தரை என்னாடா?

அறிவுமதி: தரையா? டைல்ஸ்.

கண்ணாயிரம்: ஆட்டோ எதுவரைக்கும் போவும்?

அறிவுமதி: வாசப்படி வரைக்கும் போவும். ஏன்?

கண்ணாயிரம்: அப்ப மண்ணு படாது. மெட்ராஸ் பஸ்ஸுலயே ஏறு.

அறிவுமதி: டயரு மிதிக்குமே மாமா?

கண்ணாயிரம்: அது டயரு பாடு. பைய எடு... மெதுவாத் தூக்குடா, உங்கம்மாவுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலு இருக்கு. அவ படுத்திருக்கான்னு காதுல விழுந்த ஞாயித்துக்கெழமையே கட்டி வச்சிட்டேன்... கூப்புட ஒருத்தரும் வரல.