வீங்காத கால்

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு பத்து. வில்லியனூரிலிருந்து அரியூர் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் மீன் விற்கும் பெண்கள் இருவர். இளையவளின் கால் வீங்கிச் சிவந்திருந்தது.

“ரெண்டு பேரும் ஒரே கெளுத்திக் குவியலதான மிதிச்சோம்? எனுக்குப் பாரு, முள்ளு ஏறியும் வீங்கல, வலிக்கல,” என்று சிரித்தாள் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த மூத்தவள்.

“அதாங்கா எனுக்குப் பயமே.”

“இன்னாடி, கண்ணு வெக்கிறியா?”

“கிருமி பூந்தா ரத்தம் அங்க ஓடியாந்து சண்ட போடுமாம். அதான் வீக்கம், சூடுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. சுகர் இருந்தா அந்தப் படை சரியா வராதாம். உனுக்குதான் சுகர் இருக்கே, கால காட்டுக்கா.”

மூத்தவள் காட்டினாள். முள் ஏறிய குதிகால் கறுத்திருந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

அரியூரில் இளையவள் நொண்டியபடி முதலில் இறங்கிக் கை நீட்டினாள்.

“புடிச்சிக்க. ஆஸ்பத்திரி சீட்டுல மொதல்ல உன் பேருதான்.”