ஒரு துணைக்கால்

எங்கள் மலையில் வாத்தியார்கள் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்குவதில்லை, ஐயா. முதலில் வந்தவர் அட்டைக்கடிக்குப் பயந்து இறங்கிப் போனார். அடுத்து வந்தவர் தன் மனைவி வைக்கும் புளிக்குழம்பை நினைத்து நினைத்தே இளைத்தார். ஆடிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்றாவதாக ஐம்பத்தாறில் வந்தவர் இந்தக் குப்புசாமி வாத்தியார். இவர் மட்டும் தங்கிவிட்டார். தங்கினால் சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் ஆயம்மாள். பிறந்தது கீழே சேந்தமங்கலம்; ஐந்தாவது வரை படித்தவள். மலைமேல் திண்ணனூர் நாட்டில் இருக்கும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வாத்தியாரை விட்டால் இங்கே எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யார் வீட்டுக்குக் காகிதம் வந்தாலும் அது என் வாசலுக்கு வந்துதான் போகும். ஊரில் எந்த வீட்டில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நானாக யார் வீட்டையும் எட்டிப் பார்த்ததில்லை. காகிதம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

குப்புசாமி வாத்தியாருக்கு வேறொரு பழக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போவார். "ஏனுங்க, பாப்பா கணக்குல கெட்டிங்க" என்று பெற்றவர்களிடம் நேரிலேயே சொல்லிவிடுவார். அதுவும் போதாமல் சாயங்காலங்களில் பொம்பளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வெள்ளையன் பெண்டாட்டி இருசாயிதான் முதலில் போய் உட்கார்ந்தவள். சில நாள் கழித்து, நான் ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அது 'க' தானுங்க? நீங்க 'ச'ன்னு படிக்கறீங்க."

"அதுக்குள்ள பண்டிதராயிட்டியா கண்ணு?" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருசாயி கள்ளமில்லாதவள், ஐயா. அதை நான் எப்போதும் சொல்வேன்.

அதற்குப் பிறகு உங்கள் கல்வி ஆபீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசன் வந்திருக்கும், வாத்தியார் பொம்பளைகள் தனியாக இருக்கும் வீடாகப் பார்த்துப் போகிறார் என்று. இடது கையால் எழுதியதால் எழுத்துக் கோணலாக இருந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீசில் நல்ல முடிவுதான் எடுத்தார்கள். வாத்தியார் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. பெற்றவர்களிடம் சொல்ல வேண்டியதை எழுதித்தான் அனுப்ப வேண்டும். அவர்கள் எழுதிச் சம்மதம் தராமல் எந்தப் பிள்ளையையும் மலையை விட்டு இறக்கக் கூடாது. சாயங்கால வகுப்பும் நின்றது. அந்த ஆர்டரை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டியது நான்தான். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

போன ஐப்பசியில் இருசாயி மகள் கண்ணாயியைப் பள்ளிக்கூடத்து வாசலில் நாய் கடித்தது. ஏழு வயசுப் பிள்ளை. கெண்டைக்காலில் பல் பட்ட இடம் இரண்டு மிளகு அளவுதான் இருக்கும். வாத்தியார் அவள் கையிலேயே காகிதம் கொடுத்தனுப்பினார். வெள்ளையனும் இருசாயியும் அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: 'கடித்தது வெறிநாய். கண்ணாயியை நாளையே நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சம்மதம் எழுதி அனுப்பினால் நானும் உடன் வருகிறேன்.'

'வெறி'யை விட்டுவிட்டேன். கடைசி வரியையும் விட்டுவிட்டேன். 'வேண்டும்' என்பதை 'வேண்டாம்' என்று படித்தேன். 'டு'வுக்கும் 'டா'வுக்கும் நடுவே ஒரு துணைக்கால்தானே ஐயா வித்தியாசம்.

"சார் கீழ போவோணும்னு சொன்னாருன்னு பாப்பா சொல்றாளேங்க அக்கா" என்றாள் இருசாயி.

"ஏழு வயசுப் பிள்ளை பேச்சு பெருசா, எழுதின பேச்சு பெருசா?"

இருசாயி காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். வகுப்பு நின்றபோது அவள் 'ஞ' வரைதான் வந்திருந்தாள். அடுத்த எழுத்து 'ட'. காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"பச்சிலை கட்டியிருக்கறோம், சாருக்குக் கும்புடுன்னு எழுதுங்க அக்கா" என்றான் வெள்ளையன். 'எங்களுக்குச் சம்மதம் இல்லை' என்று எழுதினேன். அவன் பெருவிரலில் மை தடவி அதன் கீழே அழுத்தமாக வைத்தான். இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதுதான்.

நாலாம் நாள் வாத்தியார் ஆர்டரையும் மீறி வெள்ளையன் காட்டு வரப்புக்கு வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன்; கீரை பறிக்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அது வெறிநாய்ங்க. பாப்பாவ எங்கூட அனுப்புங்க, உங்க கால்ல வேணாலும் உழறேன்" என்றார்.

வெள்ளையன் என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பார்த்துக்கொண்டே, "காயிதத்துல ஒண்ணு, வாயில ஒண்ணு. பொட்டப்புள்ளையக் கீழ கொண்டுபோக என்னதான் அவசரமோ" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

வெள்ளையன் கொடுவாளைக் கையில் எடுத்தான். "எதுன்னாலும் எழுதிக் குடுங்க சார். ஆர்டர் அப்படித்தானுங்களே?" என்றான்.

வாத்தியார் வரப்பில் உட்கார்ந்து, முழங்கால்மேல் காகிதத்தை வைத்து இன்னொன்று எழுதிக் கொடுத்தார். அவர் ஓடையைத் தாண்டும்வரை வெள்ளையன் நின்று பார்த்தான். பிறகு அதையும் என்னிடம் தந்தான். அதையும் முன்போலவே படித்தேன்.

முப்பத்தெட்டாம் நாள் கண்ணாயி தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறினாள். அப்புறம் மூன்று நாள். மூன்று நாளும் இருசாயிக்குத் துணையாக நான்தான் இருந்தேன். வேறு யாரும் கிட்டே வரவில்லை.

பிள்ளை செத்துப்போகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். கீழே என் சித்தப்பா வெறிநாய்க் கடியில்தான் போனார். தெரியும். வாத்தியாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்களாம். அது வேண்டாம், அவர்மேல் தப்பில்லை. செய்தவள் நான். ஆனால் கண்ணாயிமேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. வாத்தியார் தானாக மலையிறங்க வேண்டும், ஊர் பழையபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

இருசாயி வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தால், என்னிடம் கொடுங்கள், ஐயா. அவள் மனசு நோகாமல் படிக்க எனக்குத்தான் தெரியும்.