எழுந்து நிற்கும் வரை

அன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான், கட்டிலில் என் வீட்டுக்காரர் சின்னையன், எங்கள் தெரு நாட்டாண்மை செங்கல்வராயன், கதவோரமாக நின்ற பொன்னி. நல்ல வெயில். எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். பொன்னிக்கும் கொடுத்தேன்.

டாக்டரம்மா, உங்கள் அலமாரியிலிருந்து மருந்தை எடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான் எடுத்தேன். ஏன் என்றும் கேட்டீர்கள். அதற்கு இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொன்னி மாமல்லபுரத்துப் பக்கம் குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. எங்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொள்ள நாள் குறித்திருந்தார். எங்களில் இதற்குக் கோர்ட்டு தேவையில்லை. நாட்டாண்மை முன்னால் புருஷன் எழுந்து நின்று, ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் போட்டால் முடிந்துபோகும். அதற்குள் குவாரியில் கல் உருண்டு அவர் காலை முறித்தது. நீங்கள் மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, பெண்டாட்டி வீடு என்று என் வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

குறித்த நாளில் நாட்டாண்மையும் பொன்னியும் வந்தார்கள். நான் முதலில் சொன்ன நாள் அதுதான்.

"படுத்துகினே கிள்ளிடறேன் பெரியப்பா," என்றார் இவர்.

"இன்னாடா, மூக்குப்பொடியா, படுத்துகினு கிள்றதுக்கு? எய்ந்து நில்லு. அப்பால பேசலாம்."

பொன்னி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வலிக்கு அபின் சேர்ந்த சொட்டு மருந்து கொடுத்தீர்கள். வலி குறையக் குறையச் சொட்டையும் குறைத்து நிறுத்திவிடு என்றீர்கள். வலி குறைந்தது. நான் குறைக்கவில்லை, கொஞ்சம் கூட்டினேன். பிறகு, கட்டைப் பிரித்து நடக்கவிடு என்றீர்கள். நான் உங்கள் ராத்திரி டியூட்டி ஆயாதானே என்று நம்பி, நீங்கள் நேரில் வந்து பார்க்கவில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான் பிரித்து, காலைத் துடைத்துவிட்டு, அதே தப்பையை வைத்து மறுபடி கட்டினேன். உங்களிடம் கட்டிக் கற்ற கை, அதனால் இறுக்கம் சரியாக இருந்தது.

நம் வார்டில் ஒரு கிழவர் சொட்டை நிறுத்தியதும் வேர்த்து, கால் இழுத்து, அழுதது ஞாபகம் இருக்கிறதா? அது காயத்தின் வலி இல்லை, மருந்து கேட்கிற வலி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். ஒருநாள் இவருக்கும் கொடுக்காமல் இருந்து பார்த்தேன். அதே வேர்வை, அதே இழுப்பு.

"எலும்பு இன்னும் கூடல போல கீது," என்று அவரேதான் சொன்னார். நான் பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன்பின் எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது என் கையில் இருந்தது. சொட்டு உள்ளே போனதும், தூக்கம் வருகிறவரை என் விரலைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதற்கு முன்னால் எங்கள் கல்யாணத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. சோறு இறங்கவில்லை. கால் கருவேலங்குச்சி மாதிரி ஆயிற்று. நான் குளிப்பாட்டினேன், மலம் அள்ளினேன். தெருவில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் சீட்டு எழுதித் தருவதை நிறுத்தியதும் அலமாரிச் சாவியை எடுத்தேன்.

பொன்னி மறுபடி வந்தாள். நாட்டாண்மையைக் கூட்டிக்கொண்டு வருவதாக முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் காலையில் சொட்டு கொடுக்காமல் வைத்திருந்தேன்.

"காலு கட்டுக்குள்ள கீதா, உன் முந்தானைக்குள்ள கீதாக்கா?" என்றாள். என்னைத் தள்ளிவிட்டுக் கட்டுத்துணியை அவிழ்த்தாள். கல் உடைக்கிற விரலால் எலும்பை அழுத்திப் பார்த்தாள். "கூடிப்போச்சு மாமா. எய்ந்திரு."

அவர் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள். நின்றார். உடம்பெல்லாம் நடுங்கியது, வேர்வை வடிந்தது, ஆனாலும் தன் காலில் நின்றார். அதை மறைக்க மாட்டேன். நாட்டாண்மை ஒரு துரும்பைப் பிடுங்கிக் கொடுத்தார்.

நான் தடுக்கவில்லை. மடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். "கிள்ளு. தீந்துபோச்சுன்னா நா யாரோ. அப்பால யாரோ கையால எப்டி மருந்து வாங்குவ?" என்று மட்டும் கேட்டேன். நியாயமான கேள்விதான்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"போ பொன்னி. காலு இன்னும் நோவுது."

"நோவுறது காலு இல்ல மாமா. இவ உன்ன இன்னாமோ பண்ணிக்கினு கீறா."

"போன்றேன்ல!"

நாட்டாண்மை துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆம்பளையே வேணான்றான். நா இன்னா பண்றது?" என்று முதலில் இறங்கிப் போனார். இவர் பொன்னி பக்கம் திரும்பவில்லை. "நீ உருப்படவே மாட்டக்கா," என்று சொல்லிவிட்டு அவளும் இறங்கினாள்.

மருந்து எடுத்ததற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் புருஷனை அடைத்து வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். யார் வேண்டும் என்று அவர் தன் வாயால் சொன்னார், சாட்சி வைத்துச் சொன்னார். பொன்னி படி தாண்டும்போது உள்ளேயிருந்து, "எல்லு, சீக்கிரம் வாடி கண்ணு," என்று கூப்பிட்டார். எல்லம்மாள் என்கிற என் பெயரை அவர் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஆசை இல்லாதவன் அப்படிக் கூப்பிடுவானா? பொன்னி போன பக்கம் கதவைச் சாத்தினேன், உள்ளே பூட்டினேன்.