கல்லைத் தேய்த்த எண்பது நிமிடங்கள்

1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆந் திகதி முற்பகல் 9.30 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொல்லப்பட்டுத் தமிழிலேயே பதியப்பட்டது.

பெயர்: கந்தப்பன் நல்லமுத்து. வயது: 36. தொழில்: தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் மின்சார வேலை. விலாசம்: பொகவந்தலாவை, ஆர்டன்ஹில் தோட்டம், மேற்பிரிவு, 7ஆம் லயம், 3ஆம் காம்பரா. பிரஜாவுரிமை: மனுச் செய்தேன், பதில் வரவில்லை.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி மீனம்மாவுடன் வசிக்கிறேன். யுத்த காலத்தில் கொழும்பில் ஓர் இராணுவ வயர்லஸ் பட்டறையில் மூன்று வருடம் வேலை செய்தேன். குவார்ட்ஸ் எனும் பளிங்குக் கல் தகடு தேய்ப்பது என் வேலை. மெல்லியதாக அறுத்த பளிங்குக்கு மின்சாரம் கொடுத்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் அதிரும். தகடு மெலிய மெலிய அதிர்வின் வேகம் கூடும். வயர்லஸ் பெட்டி எந்த அலை எண்ணில் பேசும் என்பதை அந்தக் கல்தான் தீர்மானிக்கும். தோட்டத்துக்குத் திரும்பிய பின்னும் இந்த வேலையை நான் விடவில்லை.

நான் குடியிருக்கும் காம்பராவில் பொலிஸார் எடுத்த கொப்பி என்னுடையது. அதிலுள்ள எண்கள் இரகசிய பாஷை அல்ல. முதல் வரிசை கல்லின் கனம், இரண்டாவது அது அதிரும் எண், மூன்றாவது அப்போதைய சூடு. சில விதமாக அறுத்த கல்லுக்குச் சூடு ஏறினால் எண் மாறுகிறது. எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு மாறும் என்று கண்டுபிடித்தால் தேயிலை காயும் அடுப்பின் சூட்டைக் கல்லை வைத்தே அளக்கலாம் என்று எண்ணி ஆறு வருடமாக எழுதி வந்தேன். இதை யாருக்கும் அனுப்பவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

எங்கள் தோட்டத்து இளைய அதிகாரியான சின்ன துரை அனுமதிப்பத்திரம் பெற்றுப் பங்களாவில் வயர்லஸ் வைத்திருந்தார். அவருக்குக் கல் தேய்த்துக் கொடுத்தது நான். அவர் ஏப்ரலில் லீவில் சீமைக்குப் போகும்போது அறையைப் பூட்டி, பேசும் கல்லையும் எடுத்துக்கொண்டு போனார். தேய்க்காத இரண்டு தகடுகள் மட்டும் அந்த அறையில் இருந்தன.

ஜூன் 14ஆந் திகதி சனிக்கிழமை, நான்கு நாள் விடாமல் மழை பெய்திருந்தது. காலை பத்தரை மணியளவில் ஸ்டோரில் இருந்தபோது பெரிய சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். மலை சரிந்து 5ஆம் லயத்து வீட்டு வரிசையின் மேல் விழுந்திருந்தது. வேலைக்குப் போகாதவர்கள் பதினொரு பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கை நாகலெட்சுமி. அவளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். பிள்ளைக்குக் கண் பீளை தள்ளியதால் மீனம்மா அன்று காலை அதை டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போயிருந்தாள். அதனால் பிள்ளை பிழைத்தது.

அதன் பின் நானும் தங்கையின் புருஷன் வைரவனும் மற்றவர்களும் மண்ணை வெட்டினோம். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து, டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது, கீழே பாலமும் உடைந்துவிட்டது என்றார். மண் கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் இருந்தது. நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

வைரவன், "மச்சான், எங்க போறீங்க? அவ உள்ள இருக்கா," என்றான்.

"வெளிய சொல்லாம இந்த மண்ணு நகராது. சொல்லிட்டு வந்துர்றேன்," என்றேன்.

அப்போது பத்தே முக்கால் மணி. அதன் பின் சின்ன துரை பங்களாவுக்குப் போய் அறைப் பூட்டை உடைத்தேன். உடைத்தது நான் மட்டுமே. ஹட்டனில் ரேடியோக் கடை வைத்திருக்கும் அழகையா அனுமதிப்பத்திரம் உள்ளவர். அவர் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம், பூண்டுலோயாவிலுள்ள நண்பருடன் பேசப் பெட்டியைத் திறப்பார். அவருடைய பெட்டியும் கல் வைத்தது. கல்லின் அந்த ஓர் எண்ணைத் தவிர வேறெதையும் கேட்காது; துரையும் அதே எண்ணில்தான் அவரோடு பேசுவார்.

அதன் பின் கண்ணாடியின் மேல் தேய்க்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் போட்டு, முதல் தகட்டை அந்த எண்ணுக்கு வரத் தேய்த்தேன். பத்துச் சுற்றுத் தேய்ப்பது, கழுவுவது, துடைப்பது, பெட்டியில் வைத்துப் பார்ப்பது. அவசரத்தில் ஓரம் உடைந்து அது அதிராமல் போயிற்று. அதன் பின் இரண்டாவதை எடுத்தேன். ஜன்னல் வழியாக லயத்துப் பக்கத்துக் கூச்சல் கேட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் தகடு அளவுக்கு மிஞ்சி மெலிந்து எண் தாண்டிவிட்டது. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பென்சிலால் கல்லின் மேல் கோடு போட்டால் அந்தப் பாரத்தில் வேகம் கொஞ்சம் குறையும் என்பது பட்டறையில் தெரிந்துகொண்டது. அப்படிச் செய்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு எண் சரியாக வந்தது.

அழகையா, "யாருங்க பேசுறது? தொரை கொரலு இல்லியே," என்றார். பெயரையும் நடந்ததையும் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "வைங்க, நான் ஆளுகளக் கூட்டிக்கிட்டு வர்றேன்," என்றார்.

அதன் பின் லயத்துக்கு ஓடினேன். நான் போகுமுன் வைரவன் தங்கையை வெளியே எடுத்திருந்தான். அவள் சாக்கின் மேல் கிடந்தாள். தொட்டுப் பார்த்தேன், மூச்சு இல்லை, உடம்பில் சூடு மட்டும் இருந்தது. வைரவன் கையில் நகங்கள் இல்லை. "இன்னும் ஒரு ஆளு வெட்டியிருந்தா," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த காம்பராவை வெட்டப் போனான். நானும் போய் வெட்டினேன்.

பகல் இரண்டரைக்கு உடைந்த பாலம் வரை இரண்டு லொறிகள் வந்து, டாக்டரும் அறுபது பேரும் ஆற்றைக் கடந்து ஏறினார்கள். மாலைக்குள் லயத்தின் மறுகோடியிலிருந்து ஐந்து பேரை உயிருடன் எடுத்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து வைரவன் என்னோடு பேசுவதில்லை. பிள்ளை எங்கள் காம்பராவில் இருக்கிறது. அவன் பார்க்க வரும் நேரம் நான் வெளியே போய்விடுவேன்.

அவசரகாலச் சட்டம் உள்ள வேளையில் அனுமதி இல்லாமல் பேசியது குற்றம் என்று எனக்குத் தெரியும். யாரும் என்னைத் தூண்டவில்லை. அழகையா மேல் பிழை இல்லை.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. "பத்தே முக்கால் முதல் பன்னிரண்டு ஐந்து வரை குற்றஞ்சாட்டப்பட்ட எதிரி மண் வெட்டும் வேலையில் இருக்கவில்லை" என்று தனித்தாளில் குறிக்கப்பட்ட வரியை, உதவி கேட்கப் போயிருந்தான் என்று திருத்த வேண்டுமா என்று என்னிடம் கேட்கப்பட்டது. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) க. நல்லமுத்து