எந்தப் பிரிவில் வைப்பது

விருதுக்காலம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்த முடியாது. புத்தகக் கட்டுகள் அங்கேயும் ஏறி உட்கார்ந்துவிடும். தேசிய இலக்கிய விருதுக்கு வருகிறவற்றைக் கவிதை, சிறுகதை, நாவல், தன்வரலாறு என்று பிரித்து வைப்பது என் வேலை. இந்த வேலைக்கு வருமுன் நானும் நாவல்கள் எழுதி அனுப்பியவள்தான். ஒன்றுகூட இறுதிச் சுற்றை எட்டிப் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

சென்ற ஆண்டு என் தங்கை ஒரு நாவலோடு வந்து நின்றாள். வாழ்த்து அட்டையில்கூட என்னைக் கேட்டு எழுதுகிறவள். அதில் படுத்த படுக்கையான கணவனை மனைவி தலையணையால் அமுக்கிக் கொல்கிறாள். அவளே சொல்வதுபோல் கதை. தங்கையின் கணவரும் படுக்கையில் கிடந்து இறந்துபோனவர்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"பரவால்லடி. எழுத்துப்பிழை இல்ல."

"உன் வாயால இவ்ளோ வந்ததே பெரிசு" என்று சிரித்தாள்.

இரண்டாம் முறை படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நாவல் பிரிவில் வைத்தால் விருது அதற்குத்தான். தன்வரலாற்றில் வைத்தேன்.

அங்கேயும் அதற்கே கொடுத்துத் தொலைத்தார்கள்.

"நாவலுக்குத்தானேக்கா?"

"விருதுன்னா விருதுதான்டி. மேடையில அழுது வைக்காத."

"செய்ததை மறைக்காமல் எழுதிய துணிச்சல்" என்று நடுவர் மேடையில் பாராட்டினார். தங்கை விழித்தாள். அவள் கொழுந்தன் அரங்கிலிருந்து எழுந்து நேரே போலீசுக்குப் போனார்.

ஏன் அந்தப் பிரிவில் வைத்தீர்கள் என்று என்னையும் விசாரித்தார்கள்.

"அவளுக்குக் கற்பனையெல்லாம் வராது சார்."

"தங்கச்சி வீட்டுக்காரர் செத்தப்போ நீங்கதான் கூட இருந்தீங்கன்னு சொல்றாங்களே?"

"வயசாச்சு. ஞாபகம் இல்ல."

ஞாபகம் இருக்கிறது. மதிய நேரம், தங்கை மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அவர் கை என் கையில் இருந்தது. தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

தங்கையைச் சிறையில் போய்ப் பார்த்தேன்.

"நீதானேக்கா பக்கத்துல இருந்த? சொல்லேன்."

"சாப்பாடு ஒழுங்கா போடறாங்களாடி?"

"அக்கா..."

"ரொம்ப இளைச்சுட்ட."

எனக்குப் பொறாமையாம், அவள் வக்கீல் சொல்கிறார். நான் தூக்கி வளர்த்த பிள்ளை மேல் எனக்கென்ன பொறாமை? நாளை சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். அன்று அங்கே இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அது நாவலாகிவிடும்.

நாவல் என்று சொல்லும் அளவுக்கு அதில் அப்படியொன்றும் இல்லை.