பதினேழாவது பேர்

அக்கா: ஏன்டா இப்படி மூச்சு வாங்க ஓடி வர? லிஃப்ட் என்ன ஆச்சு?

தம்பி: லிஃப்ட்ல நாலு பேர் பாப்பாங்க. ஹெச்.ஆர். மேடத்துக்கும் டெஸ்டிங் பையனுக்கும் மாடிப்படில என்ன பேச்சுன்னு கேப்பாங்க.

அக்கா: நாம அக்கா தம்பின்னு யார்கிட்டயும் உளறலியே?

தம்பி: பக்கத்து சீட்டு சோடாபுட்டிக்கு மட்டும் தெரியும். அவன் சொக்கத் தங்கம். அத விடு... ரெண்டு கம்பெனியும் ஒண்ணாச்சு, இப்ப நாப்பது பேரத் தூக்கறாங்களாமே?

அக்கா: நாப்பத்தொண்ணு. பட்டியல் போடறதே நான்தான். நாலு மணிக்கு அனுப்பணும்.

தம்பி: என் பேரு...?

அக்கா: இல்ல. போய் வேலையப் பாரு.

தம்பி: சோடாபுட்டி?

அக்கா: அது உனக்கு எதுக்குடா? கெளம்பு.

தம்பி: அக்கா!

அக்கா: ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. ஒருத்தர் போதும்னுட்டாங்க. மார்க் யாருக்கு அதிகமோ...

தம்பி: எனக்கா அதிகம்? கதை விடாத. நான் கோட்டை விட்டதையெல்லாம் கண்டுபிடிச்சு என் மானத்தக் காப்பாத்தறதே அவன்தான்.

அக்கா: மார்க் போட்டது உங்க மேனேஜர். நான் என்ன பண்ண?

தம்பி: பத்து மணிக்கு ஒரு பட்டியல் பிரிண்ட் போட்ட. பதினேழாவது பேரு என்னோடது. பதினோரு மணிக்கு இன்னொண்ணு. அதுல பதினேழாவது அவன்.

அக்கா: உனக்கு... உனக்கு யாருடா சொன்னா?

தம்பி: கம்பெனி சேந்ததுல பிரிண்டர் பேரையெல்லாம் மாத்திட்டாங்க. உன் ரூம் பிரிண்டர்னு நெனச்சு நீ அமுக்கற, பேப்பர் எங்க மாடில வந்து விழுது.

அக்கா: ஐயோ!

தம்பி: பதறாத.

அக்கா: பதறாம? வெளிய தெரிஞ்சா என் வேலையும் போச்சு! உன் பொண்டாட்டி போன மாசம்தான் வேலைய விட்டா. வீட்ல ஆறு மாசக் குழந்த. உன் பேரப் பாத்ததும் எனக்குக் கையே ஓடலடா.

தம்பி: அவனுக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்குக்கா.

அக்கா: தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். போதுமா?

தம்பி: மாத்திடு. இன்னும் நேரம் இருக்கு.

அக்கா: வாய மூடு. அந்த ரெண்டு பேப்பரும் உன்கிட்டதான இருக்கு? கிழிச்சுப் போடு. வேற யாரும் பாக்கலல்ல?

தம்பி: ரெண்டும் என்கிட்டதான் இருக்கு. ஆனா...

அக்கா: கேக்கறேன்ல!

தம்பி: பிரிண்டர்லருந்து எடுத்துட்டு வந்து என் கைல கொடுத்ததே அவன்தான்க்கா. "உங்க அக்காவத் திட்டிடாதடா, எனக்கு ஒரு அக்கா இருந்திருந்தா அவளும் இதத்தான் செஞ்சிருப்பா"ன்னுட்டு, மேசைய காலி பண்ணிட்டு இருக்கான்.